வாலைத் துரத்திச் சுற்றும் புல் டெரியர்: அடித்தால் நிற்காது

கேள்வி: காரிமங்கலம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. காவலுக்கென்று வெள்ளை புல் டெரியர் ஆண் குட்டி ஒன்று வாங்கினோம். இப்போது இரண்டு வயது. எட்டு மாதம் ஆனதிலிருந்தே, சாயங்காலமானால் வாலைத் துரத்திக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. சில நாள் அரை மணி நேரம்கூட நிற்காது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. அப்பா கோலெடுத்து அடித்தும் பார்த்துவிட்டார். பகலில் சங்கிலியில்தான் கிடக்கும். வயிற்றுத் தோலும் சிவந்திருக்கிறது. பைத்தியம் பிடித்துவிட்டது, ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்கிறார்கள் ஊரில். என்ன செய்யட்டும்?

மருத்துவர் பதில்: முதல் வேலையாக அந்தக் கோலை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள் அப்பாவிடம். உங்கள் நாய் வேண்டுமென்று சுற்றவில்லை. ஊசி போட்டு முடிக்கவேண்டிய நிலையிலும் அது இல்லை.

ஊரார் பயம் வெறிநோயைப் பற்றியது என்றால் அதை முதலில் பார்த்துவிடுவோம். வெறிநோய் வந்த நாய் சில நாட்களிலேயே மோசமாகி இறந்துவிடும். உங்கள் நாய் ஒரு வருடத்துக்கும் மேலாகச் சுற்றிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தடுப்பூசி போட்டு வருடம் தாண்டியிருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

வாலைத் துரத்திச் சுற்றுவது புல் டெரியரில் அடிக்கடி பார்க்கும் கோளாறு. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. ஆண் நாய்களிடம் அதிகம். பெரும்பாலும் ஒரு வயதுக்குள்ளேயே தொடங்கிவிடும். சுற்றும்போது அது ஒருவித மயக்க நிலையில் இருக்கும். அந்த நேரத்தில் அடித்தால் பயம் ஏறும், பயம் ஏறினால் சுற்றலும் ஏறும். கழுத்தைப் பிடித்து நிறுத்தப் போனால் ஆள் யாரென்று தெரியாமலே கடித்துவிடவும் கூடும்.

சங்கிலி இதை இன்னும் மோசமாக்குகிறது. 1850, 60களில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் என்பவர் புல்டாக்கையும் வெள்ளை டெரியரையும் கலந்து உருவாக்கிய இனம் இது. புல்டாக்கின் தசையும் பிடிவாதமும், டெரியரின் ஓயாத துறுதுறுப்பும் ஒரே உடம்பில் இருக்கின்றன. அப்படிப்பட்ட நாயைப் பகலெல்லாம் கட்டிப் போட்டால், அடங்கிக் கிடந்த அத்தனை தெம்பும் சாயங்காலம் வால் மேல்தான் பாயும். தோப்புக் காவலுக்கு இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்ததே பொருத்தமில்லை என்பது என் கருத்து. அதற்குக் கோம்பை இன நாயோ, வேறு நாட்டு நாயோ போதும். புல் டெரியர் மனிதர் பக்கத்திலேயே கிடக்க ஏங்கும் நாய். தனியாக விட்டால் மனம் கெட்டுப்போகும். சரி, வாங்கியாயிற்று. இனி அதை வீட்டுக்குள் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்தரைக்கே தோப்பைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடத்துங்கள். ஏழு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், சித்திரை வைகாசி வெயில் இதற்கு ஆகாது. சாயங்காலம் அது சுற்றத் தொடங்கும் நேரம் உங்களுக்கே தெரியும். அதற்கு அரை மணி முன்னாலேயே வேலை கொடுத்துவிடுங்கள். தடித்த கயிற்றை இழுக்க விடலாம். களி உருண்டையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, தென்னை மட்டைக்கு அடியில், சாக்குக்குள் என்று ஒளித்து வைத்து மோப்பம் பிடித்துத் தேட விடலாம். மோப்ப வேலை இந்த நாய்களை நடையைவிடச் சீக்கிரம் களைப்பாக்கும். களி மட்டும் உணவாகாது, முட்டையோ கறியோ சேருங்கள். வேடிக்கை பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளை அந்த நேரத்தில் அனுப்பிவிடுங்கள். செல்போன் டார்ச் வெளிச்சத்தைத் துரத்த விடும் விளையாட்டு வேண்டவே வேண்டாம், இப்படிப்பட்ட நாய் அதையும் நிழலையும் பிடித்துக்கொண்டு விடாது.

சுற்றுவதை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். வலிப்பின் ஒரு வகையும் இப்படித் தெரியலாம் என்பதால், மருத்துவருக்கு அந்த வீடியோ பெரிய உதவி. மலவாய்ச் சுரப்பி அடைத்திருக்கிறதா, வாலிலோ முதுகிலோ வலி இருக்கிறதா என்றும் அவர் பார்ப்பார். இவை எதுவும் இல்லையென்றால் மனப் பதற்றத்தைக் குறைக்கும் ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மாத்திரை தரலாம். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். நாய் அமைதியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது, மனிதருக்கு வாங்கிய மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கவும் கூடாது.

கூப்பிட்டால் திரும்பவில்லை என்கிறீர்களே, அது சுற்றும்போது மட்டும்தானா? வெள்ளை புல் டெரியர்களில் பிறவிச் செவிடு, ஒரு காதிலோ இரண்டிலுமோ, நிறம் கலந்தவற்றைவிட மிக அதிகம். நாய் தூங்கும்போது அதன் கண்ணில் படாமல், தரை அதிராமல், தள்ளி நின்று ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். காதுகூட அசையவில்லை என்றால் சந்தேகப்படலாம். சத்தம் கேட்டு, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடுமாறினால் ஒரு காது மட்டும் கேட்காமல் இருக்கலாம். செவிட்டு நாயைக் கைச் சைகையால் நன்றாகவே பழக்கலாம். தூங்கும்போது திடீரென்று தொடக் கூடாது, அவ்வளவுதான்.

சிவந்த வயிறு வெயிலால் வந்திருக்க வாய்ப்பு அதிகம். மல்லாந்து வெயில் காய்வது இந்த நாய்களுக்குப் பிரியம், வெள்ளைத் தோலுக்கு அது எரிகாயம். வருடக்கணக்கில் தொடர்ந்தால் தோல் புற்றுநோய் வரை போகலாம். பத்து மணிக்கு மேல் நிழலில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்காது. துத்தநாகம் கலந்த கிரீமை நக்கினால் விஷம். அரிப்பும் இருந்தால் உணவு ஒவ்வாமை, உண்ணி, தோப்பில் முளைக்கும் பார்த்தீனியம் என்று வேறு காரணங்களையும் பார்க்கவேண்டும். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை நாய்மேல் ஊற்றாதீர்கள்.

இந்த இனத்தில் பரம்பரைச் சிறுநீரக நோயும் உண்டு. வெளியே தெரிவதற்குள் சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டிருக்கும். அதனால் வருடம் ஒருமுறை சிறுநீரில் புரதமும் கிரியாட்டினினும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளூர் கால்நடை மருத்துவமனையில் முடியாதென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். காது, தோல், வால் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் காட்டிவிடலாம்.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தோப்பு வைத்திருப்பதால் சொல்கிறேன். கிடைத்ததையெல்லாம் விழுங்கும் நாய் இது. மாங்கொட்டை குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சைதான். பறிப்புக் காலத்தில் விழுந்த பழம் கிடக்கும் பக்கம் அவிழ்த்து விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, மலமும் போகாமல் சுருண்டு படுத்தால் மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள்.