கோடிங் வேலைக்கு காலேஜ் வேண்டுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த சூடு இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் மகனுக்கு கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் அளவுக்கு கட் ஆஃப் இல்லை. வீட்டை அடமானம் வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்க்கலாம் என்று பார்க்கிறேன். அவனோ, "காலேஜே வேண்டாம், யூடியூப் போதும். பில் கேட்ஸ் என்ன டிகிரி முடித்தாரா?" என்கிறான். என்ன பதில் சொல்வது?
– ஒரு தந்தை, சங்கரன்கோவில்

முதலில் வீட்டுப் பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அப்புறம் பில் கேட்ஸுக்கு வருவோம்.

1975-ல் ஹார்வர்டை விட்டு வெளியேறினார், வாஸ்தவம்தான். அங்கே இருந்தபோது என்ன செய்தார் என்பதைத்தான் ரீல்ஸ் போடுகிறவர்கள் சொல்வதில்லை. தட்டில் தோசைகள் தாறுமாறாக அடுக்கியிருக்கின்றன. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. தோசைத் திருப்பியை அடுக்கில் எங்கு வேண்டுமானாலும் நுழைத்து, அதற்கு மேலே உள்ளதை மொத்தமாகப் புரட்டிப் போடலாம். வேறு எதுவும் செய்யக்கூடாது. பெரியது அடியிலும் சிறியது உச்சியிலும் வர, எவ்வளவு மோசமான அடுக்காக இருந்தாலும் எத்தனை புரட்டலில் முடிக்கலாம்? (அவர்கள் ஊரில் தோசைக்குப் பதில் பான்கேக்.) வகுப்பில் கேட்ட இந்தக் கணக்குக்கு கேட்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். கிறிஸ்டோஸ் பாபாடிமிட்ரியூ என்ற பேராசிரியரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 1979-ல் கணித இதழில் வந்தது. இத்தனை புரட்டலுக்குள் முடித்துவிடலாம் என்று அதில் போட்ட எல்லையை ஏறக்குறைய முப்பது வருடம் யாரும் குறைக்கவில்லை. உங்கள் மகனிடம் இந்தத் தோசைக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். ராத்திரி சாப்பாட்டை மறந்து உட்கார்ந்தால் பையன் தேறுவான், காலேஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். 1997-ல் முடித்துவிட்டு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதப் போனேன். சாயங்காலம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஃபாக்ஸ்ப்ரோ என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் படித்தேன். மூன்று மாதத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தொழிலாளர்களின் பீஸ் ரேட் சம்பளத்தை கம்ப்யூட்டரில் போட்டுத் தருகிறேன் என்று முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவரும் சரி என்றார்.

முதல் சனிக்கிழமை சம்பளச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தேன். ஓவர்லாக் மிஷினில் இருந்த ஒரு அக்கா, நாற்பது பக்க நோட்டோடு வந்து நின்றார். "தம்பி, எனக்கு மூணு ரூவா குறையுது." நோட்டில் பென்சிலால் எழுதியிருந்தார்: 150 டஜன், டஜனுக்கு ஆறரை ரூபாய், மொத்தம் 975. என் சீட்டில் 972. "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுக்கா" என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "அப்ப நீதான் பண்ணியிருக்க."

நான்தான் பண்ணியிருந்தேன். செக்கிங்கில் பீஸ் கணக்கில் எண்ணுவார்கள் என்பதால் டஜன் ரேட்டைப் பன்னிரண்டால் வகுத்து, பீஸ் ரேட்டாக வைத்திருந்தேன். ஆறரையைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.541666 என்று போய்க்கொண்டே இருக்கும். நான் தசமத்துக்குப் பின் இரண்டு இடம் மட்டும் ஒதுக்கியிருந்ததால் 0.54 ஆகிவிட்டது. 1,800 பீஸுக்கு அது மூன்று ரூபாய். இன்னொரு வேடிக்கை: டஜனுக்கு எட்டு ரூபாய் ரேட்டில் தைத்தவர்களுக்கு 0.6666 என்பது 0.67 ஆகி, அதே தப்பு சாதகமாகத் திரும்பி, 150 டஜனுக்கு ஆறு ரூபாய் கூடவே போயிருந்தது. அவர்களில் யாரும் நோட்டோடு வரவில்லை.

இதை எந்தக் காலேஜும் எனக்குச் சொல்லித் தந்திருக்காது, அந்த அக்காதான் சொல்லித் தந்தார் என்று ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிகிரியெல்லாம் சும்மா என்று பேசிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

இரண்டு வருடம் போனது. ஃபைலில் ஒன்றரை லட்சம் வரி சேர்ந்துவிட்டது. சனிக்கிழமை நானூறு பேருக்குச் சீட்டு போட நாற்பது நிமிடம் ஆனது. வாசலில் கூட்டம், முதலாளி முகம் கறுத்துவிட்டது. புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்திருந்த முதலாளியின் அக்கா மகள், இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், என் புரோகிராமை ஒரு பார்வை பார்த்தாள். "ஒவ்வொரு ஆளுக்கும் மொத்த ஃபைலையும் முதல்லேர்ந்தா படிக்கிறீங்க அண்ணா?" ஆமாம், அப்படித்தான். நானூறு தடவை ஒன்றரை லட்சம், ஆறு கோடி வரி. பழைய பில்லின் பின்பக்கத்தில் கிளைகிளையாக ஒரு மரம் வரைந்து, வேண்டிய வரிக்கு நேராகப் போக வைக்கும் இன்டெக்ஸுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டினாள். அன்றைக்கே மாற்றினோம். மறு சனிக்கிழமை, டீ ஆறுவதற்குள் சீட்டெல்லாம் வந்துவிட்டது.

அவள் அதுவரை வேறொருவர் பயன்படுத்துகிற மாதிரி ஒரு புரோகிராம்கூட எழுதியதில்லை. பி-ட்ரீ (பில்லின் பின்னால் வரைந்த அந்த மரம்தான்) பற்றிப் பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்கு பதில் எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். நானோ ஆயிரக்கணக்கான வரி எழுதியவன், அந்த வார்த்தையைக் கேள்விப்பட்டதே இல்லை. அன்றைக்கு முதலாளி எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு பிரியாணிப் பொட்டலம் வாங்கித் தந்தார், பாதிப் பாதி.

ஆகவே பையன் டிகிரி வாங்கட்டும், ஆனால் கடன் வாங்கி வேண்டாம். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸோ பி.சி.ஏ.வோ போதும். பாலிடெக்னிக் முடித்து நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை அரசே ஏற்கும். அதைக் கேட்காமல் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் போகாதீர்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020-லிருந்து ஆன்லைனில் டேட்டா சயின்ஸ் பட்டம் நடத்துகிறது. ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரம் படித்து ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். பாதியில் நின்றாலும் டிப்ளமோவோடு வெளியே வரலாம். உங்கள் மாவட்டத்திலேயே, தென்காசியில், ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனி தன் பள்ளியை வைத்திருக்கிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்துப் பழக்குகிறார்கள். எச்.சி.எல். கம்பெனி நடத்தும் டெக்பீ என்ற பயிற்சித் திட்டம், பிளஸ் டூவில் கணிதம் படித்தவர்களை எடுக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே டிகிரியும் படிக்கலாம். ஆனால் இரண்டிலும் வடிகட்டித்தான் எடுப்பார்கள், இதையே நம்பி வேறு அப்ளிகேஷன் போடாமல் இருந்துவிட வேண்டாம்.

டிகிரி இல்லாமலே போனால் என்ன ஆகும் என்று பையன் கேட்பான். ஒன்று சொல்லுங்கள். அமெரிக்காவில் வேலை பார்க்க வாங்கும் எச்-1பி விசாவுக்கு இளநிலைப் பட்டமோ அதற்கு ஈடானதோ வேண்டும். ஒரு வருட காலேஜுக்கு மூன்று வருட வேலை அனுபவம் ஈடு என்பது அங்கே கணக்கு. நான்கு வருடப் பட்டத்துக்கு பன்னிரண்டு வருடம் என்று அவனே பெருக்கிக்கொள்ளட்டும்.

பி.காம். படித்துவிட்டு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறேன், வயது 27. இரண்டு வருடமாக பைத்தான் கற்றிருக்கிறேன். எங்கே போனாலும் "பி.இ. இல்லையா?" என்று கேட்டு அனுப்பிவிடுகிறார்கள். இன்னொரு டிகிரி படிக்க வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

சி என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி இளநிலையில் படித்தது பிசிக்ஸ். இதை நான் அடிக்கடி எடுத்து விடுவேன், காரணம் உங்களுக்கே தெரியும். ஆனால் இதைச் சொல்லி உங்களுக்கு இன்டர்வியூ கிடைக்காது.

பெரிய சர்வீஸ் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கில் அப்ளிகேஷன் குவியும். எதையாவது வைத்துக் கழிக்க வேண்டும், டிகிரியை வைத்துக் கழிக்கிறார்கள். அந்த வாசலில் நின்று இன்னும் இரண்டு வருடம் வீணாக்காதீர்கள். பத்து, இருபது பேர் இருக்கும் கம்பெனிகளுக்குப் போங்கள். அங்கே உங்களைக் கேள்வி கேட்பவரே கோடு எழுதுகிறவராக இருப்பார். ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் ஜவுளிக் கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நீங்கள் பொக்கிஷம் என்று உங்களுக்கே தெரியவில்லை. வேட்டிக்கும் சட்டைத்துணிக்கும் ஸ்டாக் எடுப்பதில் என்ன வித்தியாசம், மீட்டர் துணியில் கடைசியில் மிஞ்சும் துண்டை எந்தக் கணக்கில் எழுதுவது, ஆடித் தள்ளுபடியில் விற்றதை ஆவணியில் திருப்பிக் கொண்டுவந்தால் எந்த விலைக்கு எடுப்பது? இது தெரிந்த புரோகிராமரை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. இந்த மூன்றில் ஒன்றுக்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதி, உங்கள் கடையிலேயே ஒரு மாதம் ஓட்டுங்கள். இன்டர்வியூவுக்கு அதை எடுத்துக்கொண்டு போங்கள்.

டிகிரி படித்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருடம். பிளஸ் டூவிலோ பி.காமிலோ கணிதம் இருந்தால் அதற்கான நுழைவுத் தேர்வான டான்செட் எழுதலாம். வெளிநாடு ஆசை இருந்தால், ஜெர்மனியில் 2023 நவம்பரிலிருந்து ஐ.டி. ஆட்களுக்கு பட்டம் இல்லாமலே, அங்கே தங்கி வேலை பார்க்க அனுமதிக்கும் புளூ கார்டு தருகிறார்கள். கடைசி ஏழு வருடத்துக்குள் மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும், அவர்கள் சொல்லும் சம்பளமும் இருக்க வேண்டும். எதற்கும் முதலில் அந்த மூன்று வருடம் வேண்டுமே. நாளைக்கே ஆரம்பியுங்கள்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதி ஆண்டு, 82 சதவீதம். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுத வராது. லேப் ரெக்கார்டு எல்லாம் பார்த்து எழுதியதுதான்.
– மாணவி, திருச்சி

வெட்கப்படாதீர்கள் அம்மா. உங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான், எழுதிக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

ஹாஸ்டலில் இருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம்தானே? மாதச் செலவை எல்லாரும் சாப்பிட்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, ஆளுக்கு எத்தனை நாளோ அதற்குப் பில். இதற்கு ஒரு புரோகிராம் எழுதுங்கள். ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கினாலும் சரி, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று ரூம்மேட்டுக்கு விளக்கத் தெரிய வேண்டும். எல்லாருடைய பில்லையும் கூட்டினால் மொத்தச் செலவு வருகிறதா என்று பாருங்கள். வராது, சில பைசா இடிக்கும். அது எங்கே போனது என்று கண்டுபிடித்துவிட்டு மெஸ் செக்ரட்டரியிடம் கொடுங்கள். யாராவது நோட்டோடு உங்கள் ரூமுக்கு வந்து "எனக்குக் கூடப் போட்டிருக்க" என்று சண்டை பிடிப்பார்கள். அன்றைக்கு மறுபடி எனக்கு எழுதுங்கள்.