தாமதக் கட்டணம்

அன்புள்ள அம்மா,

2023 தொடக்கத்தில் ஸ்பவுஸ் விசாவில் பிரிட்டன் வந்தேன். அந்த விசாவின் 33 மாதம் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டோம். ஏழு மாதமாகியும் முடிவு வரவில்லை. பழைய விசாவின் தேதி கடந்துவிட்டது. ஆனாலும் இங்கே இருக்கலாம், வேலைக்கும் போகலாம் என்கிறார் கணவர். எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார், எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. அடுத்த மாதம் தங்கைக்குக் கல்யாணம். "பாஸ்போர்ட் கையில்தானே இருக்கிறது, வந்துவிட்டுப் போ" என்கிறார் ஊரில் இருக்கும் என் அம்மா. "முடிவு வரும்வரை இங்கேயே வந்து இரு, அங்கே எதற்குத் திருட்டுத்தனமாக" என்கிறார் மாமியார். வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாருக்காவது மறுப்பு வந்த கதை. ஒரு பக்கம்கூட என்னால் படிக்க முடியவில்லை. உங்கள் முதல் தொகுப்பின் கதைகள் நீங்கள் இங்கே விசாவுக்குக் காத்திருந்த நாட்களில் எழுதியவை என்று பின்னட்டையில் பார்த்தேன். எப்படி எழுதினீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

'நீங்கள்' என்று தொடங்கி இரண்டு பத்தி எழுதி அழித்துவிட்டேன். உன்னைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. 'நீங்கள்' என்று சொல்லிக்கொண்டு எனக்குத் திட்ட வராது. என் மகளைவிட நீ சின்னவள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கல்யாணம். போகாதே. பிரிட்டனுக்குள் இருந்துகொண்டு போட்ட விண்ணப்பம் முடிவாகாமல் இருக்கும்போது நீ பிரிட்டன், அயர்லாந்து, பக்கத்துத் தீவுகள் அடங்கிய பொதுப் பயணப் பகுதியைத் தாண்டினால், தாண்டிய தேதியிலேயே விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும். எந்த அதிகாரியும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியதில்லை, விதியே முடித்துவிடும். பிறகு இந்தியாவிலிருந்து புது விசாவுக்கு முதலிலிருந்து எழுத வேண்டும். என் காலத்தில் பாஸ்போர்ட்டையே விண்ணப்பத்தோடு தபாலில் அனுப்பிவிட வேண்டும். போக நினைத்தாலும் வழி கிடையாது. இப்போது ஸ்கேன் செய்துகொண்டு கையிலேயே விட்டுவிடுகிறார்கள். அலமாரியில் அது இருப்பதைப் பார்த்துத்தான் உன் அம்மாவுக்கு அப்படித் தோன்றுகிறது. அவரிடம் பொறுமையாகச் சொல். தங்கையிடம் நீயே சொல், அம்மா வழியாகச் சொல்லாதே.

மாமியாருக்கு: காலக்கெடுவுக்குள் விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை பழைய அனுமதி அதே நிபந்தனைகளோடு நீளும். 1971 குடியேற்றச் சட்டத்தின் 3சி பிரிவு. திருட்டுத்தனம் ஒன்றும் இல்லை. அந்த அம்மாளுக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்றைக்கே வெளியே வா. விசா கிடைத்தவர் மறுநாளே குழுவை விட்டுப் போய்விடுகிறார். மிச்சம் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பார்.

உன் கடிதத்தை நான் நான்கு முறை படித்ததற்குக் காரணம் இவை எதுவுமில்லை. நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: 'எல்லாவற்றையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார், எனக்கு அதில் ஒன்றும் தெரியாது.' கணவரைப் பாராட்டுகிற தொனியில் எழுதியிருக்கிறாய். எனக்கு எரிச்சல் வந்தது. அந்த விண்ணப்பதாரர் யார்? நீ. கைரேகை யாருடையது? மறுப்பு வந்தால் கிளம்ப வேண்டியவர் யார்? அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு வாங்கும் கூடுதல் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, இரண்டரை ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டியிருக்கிறீர்கள். அது தெரியுமா உனக்கு? உன் வாழ்க்கையைப் பற்றி ஓர் அரசாங்கத்துக்கு எழுதப்பட்ட கோப்பை நீ ஒருமுறைகூடப் படிக்கவில்லை. ஆனால் என்னுடைய பழைய தொகுப்பின் பின்னட்டையைப் படித்திருக்கிறாய்!

கல்யாணங்களை நம்பாமல் பார்ப்பது அந்த நாட்டுக்குப் பழைய பழக்கம். 1979 ஜனவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், மணம் முடிக்க வந்த 35 வயது இந்திய ஆசிரியை ஒருவரை, உண்மையிலேயே மணமாகாதவர்தானா என்று உறுதிசெய்யக் கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள். அது பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் அந்த வழக்கம் நின்றது. அந்தக் காலத்தில் அங்கே நிரந்தரமாக வாழும் ஆண் தன் மனைவியை அழைத்துக்கொள்ளலாம், அதே நிலையில் உள்ள பெண்ணுக்குக் கணவனை அழைப்பது கடினம். அப்துல்அஜீஸ், கபாலெஸ், பல்கந்தலி என்ற மூன்று பெண்கள் வழக்காடி, 1985 மே 28 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றார்கள். இது பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பு. அரசு என்ன செய்தது தெரியுமா? கணவர்களுக்கு இருந்த கெடுபிடியைத் தளர்த்தவில்லை. அதே கெடுபிடியை மனைவிகளுக்கும் விரித்தது. சமத்துவம் வந்துவிட்டது அல்லவா!

அப்படி விரிந்ததில் ஒன்று 'முதன்மை நோக்கம்' என்ற விதி. நீங்கள் எத்தனை அன்பாக இருந்தாலும் சரி, பிரிட்டனுக்குள் நுழைவது இந்தக் கல்யாணத்தின் முதன்மை நோக்கம் அல்ல என்று விண்ணப்பித்தவர்தான் நிரூபிக்க வேண்டும். 1997 ஜூனில்தான் அதை எடுத்தார்கள். நான் விசா கேட்டது 1996இல். "உங்கள் கணவர் ஏன் இங்கேயே வந்து வாழக் கூடாது?" என்று நேர்காணலில் கேட்டார்கள். நானும் அவரிடம் அதையேதான் கேட்டேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

அப்போதெல்லாம் முதலில் 12 மாதம் அனுமதி. அது முடிவதற்குள் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்க வேண்டும். 2003இல் அதை இரண்டு ஆண்டாக்கினார்கள், 2012இல் ஐந்தாக்கினார்கள். ஆக, உன் காத்திருப்பு என்னுடையதைவிட ஐந்து மடங்கு. அதை நான் மறக்கவில்லை.

கிழக்கு லண்டனில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீடு. பதினொன்றாவது மாதம் வழக்கறிஞரிடம் போனோம். வயதானவர், இருமிக்கொண்டே இருப்பார். இருவரும் ஒரே வீட்டில் வாழ்வதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். என் கணவர் பெருமையோடு கோப்பைத் திறந்தார். வாடகை ஒப்பந்தம், எரிவாயு, மின்சாரம், தொலைபேசி, உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி, வங்கி. ஒன்றுகூட விடாமல் தேதிவாரியாக அடுக்கியிருந்தார். வழக்கறிஞர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "இவர் அங்கே வாழ்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த அம்மாள் எங்கே வாழ்கிறார்?" என்றார்.

பதினொரு மாதம் அந்த வீட்டில் சமைத்திருக்கிறேன், ஒழுகும் குழாயோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் தபால்காரருக்கு அங்கே இப்படி ஒருத்தி இருப்பது தெரியாது.

அதாவது, ஒரே ஒரு வகையில் தெரியும். வந்த முதல் வாரமே பொது நூலகத்தில் சேர்ந்திருந்தேன். அங்கே தமிழுக்கு இரண்டு தட்டு இருந்தன. இரண்டு மாதத்தில் முடித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போனேன். என் ஆங்கிலத்துக்கு மூன்று வாரத்தில் ஒரு நாவல் முடியாது. போனில் சொன்னால் நீட்டித்துத் தருவார்கள். எனக்கோ ஆங்கிலத்தில் போன் பேசப் பயம். முகம் தெரியாத குரலுக்குப் பதில் சொல்வதைவிட அபராதம் கட்டுவது மேல் என்றிருந்தேன். தவணை தாண்டியதற்கு நினைவூட்டல் கடிதம் வரும். அவருக்குத் தெரியாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகி வைப்பேன்.

அன்று இரவு அதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நான்கு கடிதங்கள். ஜூலை, அக்டோபர், டிசம்பர், பிப்ரவரி. ஒவ்வொன்றிலும் என் முழுப் பெயர், கீழே அந்த வீட்டு முகவரி. "இத்தனை அபராதமா!" என்றார் கணவர், நான்கையும் கூட்டிப் பார்த்துவிட்டு. மறுநாள் வழக்கறிஞர் அவற்றை மேசையில் பரப்பி, தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஆண்டு முழுவதும் நன்றாகப் பரவியிருக்கிறது என்றார். பரீட்சைத் தாளைப் பார்ப்பதுபோல அவ்வளவு திருப்தி.

இப்போது உன் விஷயம். இருவர் பெயருக்கும் சேர்த்து வந்த ஆறு கடிதங்கள், குறைந்தது மூன்று இடங்களிலிருந்து, இரண்டு ஆண்டுக்குப் பரவலாக: உன்னுடைய நீட்டிப்புக்கு வழக்கமாகக் கேட்பது இது. உங்கள் உறவு 'உண்மையான, நடப்பில் உள்ள' உறவாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் சொல். (வங்கியில் நடப்புக் கணக்கு போல.) உன் கணவர் எந்த ஆறை அனுப்பினார்? அதில் உன் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருந்தது? இன்று இரவு அவரை உட்காரவைத்து, அனுப்பிய ஒவ்வொரு தாளையும் காட்டச் சொல். உன் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் கவுன்சில் வரி ரசீதில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார். அப்பாவின் பெயர் ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருக்கும், நம் ஆட்களுக்கு எப்போதும் வருகிற தலைவலி. மின்சாரக் கணக்கில் உன் பெயரைச் சேர். கவுன்சிலில் சேர். விண்ணப்பத்தின் நகல் உன் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். விசா அட்டையெல்லாம் போய் இப்போது இணையக் கணக்கில் இருக்கும் ஈவிசா ஆகிவிட்டது, அந்தக் கணக்குக்கு உன் தொலைபேசி எண்தான் இருக்கிறதா அல்லது அவருடையதா? போய்ப் பார்த்துவிட்டு வந்து மேலே படி.

உன் கணவர் நல்லவர் என்றுதான் தெரிகிறது. நல்லவர்களுக்கும் மாரடைப்பு வரும். அப்படி ஒன்று நேர்ந்தால் மனைவி அங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அப்போதும் இதே தாள்களைத்தான் கேட்பார்கள். 'அவர்தான் பார்த்துக்கொள்கிறார்' என்று யாரைக் காட்டுவாய்? இதைப் படித்துவிட்டு, வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று உன் மாமியார் சொல்வார். சொல்லட்டும்.

எப்படி எழுதினீர்கள் என்று கேட்டிருந்தாய். அந்த ஓராண்டில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. வாசலில் தபால் விழும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதைகள் எல்லாம் நிரந்தர அனுமதியின் முத்திரை விழுந்து ஒன்றரை ஆண்டு கழித்து எழுதியவை. பின்னட்டையை எழுதியவர் அழகுக்காக அப்படிப் போட்டுவிட்டார், நானும் திருத்தவில்லை. படிக்க முடியவில்லை என்று வருத்தப்படாதே. நானும் பாதி நாள் ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அபராதம் அதனாலும்தான் ஏறியது. கல்யாணத்தன்று மட்டும் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிடு. தாலி கட்டும் நேரத்தில் போனில் பார்த்துவிட்டு உடனே ஒரு கூட்டத்தில் போய் உட்கார உன்னால் முடியாது.

அந்த நான்கு கடிதங்களும் விண்ணப்பத்தோடு போனவை போனவைதான். ஐந்தாவது ஒன்று விண்ணப்பம் அனுப்பிய மறுவாரம் வந்தது, அது மட்டும் என்னிடம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேனா என்று நினைவில்லை.