சர்வர் படுத்துவிட்டதா? – வாசகர் கேள்விகள்

கே: ஐயா, மாவட்டச் செய்திகளுக்கென்று வேர்ட்பிரஸில் ஒரு தளம் நடத்துகிறேன். 4 ஜிபி ரேம், 2 கோர் கொண்ட வாடகை சர்வர், இயங்குதளம் உபுண்டு லினக்ஸ், பக்கங்களை அனுப்பும் மென்பொருள் அப்பாச்சி. பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த காலையில் தளம் படுத்துவிட்டது. ரீஸ்டார்ட் செய்தால் சிறிது நேரம் ஓடி மறுபடியும் நிற்கிறது. இரண்டு மடங்கு பெரிய சர்வருக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா? (விருதுநகர் வாசகர்)

ப: பணத்தை வெளியே எடுக்காதீர்கள். முதலில் ஒரு பெருக்கல் போடுவோம். உபுண்டுவில் அப்பாச்சிக்குள்ளேயே, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியை ஏற்றினால் அது 'பிரீஃபோர்க்' முறையில் ஓடும். அதாவது, வருகிற ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு தனிப் பிராசஸ் (தனியாக ஓடும் நிரல்). அதன் அமைப்புக் கோப்பில் 'மேக்ஸ் ரிக்வெஸ்ட் வொர்க்கர்ஸ்' என்ற வரியைத் தேடுங்கள். நீங்கள் கை வைக்காதவரை 150 என்றுதான் இருக்கும். பிளகின்கள் (துணைநிரல்கள்) ஏறிய ஒரு பிராசஸ் 60 எம்பி பிடிப்பதாக வைத்துக்கொண்டால் 150 பிராசஸுக்கு 9 ஜிபி வேண்டும். இருப்பது 4, அதிலும் ஒன்றரை ஜிபியை டேட்டாபேஸும் இயங்குதளமும் எடுத்துக்கொண்டிருக்கும். ரேம் தீர்ந்ததும் லினக்ஸ் ரேமுக்கு மாற்றாக டிஸ்கில் ஒதுக்கிய 'ஸ்வாப்' இடத்தை நாடுகிறது, எல்லாம் ஊர்ந்துபோகிறது. பக்கம் வராத எரிச்சலில் வாசகர் ரிஃப்ரெஷ் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார். ஒருவரே ஐந்து பேராகிறார். ஸ்வாப் இல்லாத சர்வரில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே ஏதாவது ஒரு பிராசஸைக் கொன்று ரேமை மீட்கும். அதிகம் ரேம் பிடித்திருப்பவரைத்தான் அது தேடும் என்பதால், பல நேரம் பலியாவது உங்கள் டேட்டாபேஸான மரியாடிபி.

ஆகவே மிச்சமுள்ள 2,500 எம்பியை 60ஆல் வகுத்து அந்த வரியில் 40 என்று எழுதுங்கள். குறைத்தால் எப்படிக் கூட்டத்தைச் சமாளிக்கும் என்று கேட்பீர்கள். நாற்பது இலைக்கு இடமுள்ள பந்தியில் நூற்றைம்பது பேரை நெருக்கி உட்காரவைத்தால் பரிமாறுகிறவர் நடக்க வழியிருக்காது. யாருக்கும் சோறு வராது. மீதிப் பேரைக் கர்னல் வரிசையில் நிறுத்தி வைக்கும்.

இது சர்வரைப் படுக்காமல் காக்கும், அவ்வளவுதான். வேகத்துக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. ஒரு பக்கத்தைத் தயாரிக்க ஒரு கோருக்கு 0.2 நொடி வேலை என்றால், இரண்டு கோரும் சேர்ந்து நொடிக்கு 10 பக்கம், நிமிடத்துக்கு 600. இரட்டிப்பு வாடகை கொடுத்தால் 1,200. தேர்வு முடிவு நாளில் அது எம்மாத்திரம்? ஆயிரம் பேர் பார்ப்பது ஒரே முகப்புப் பக்கத்தை. அதை ஆயிரம் முறை புதிதாகத் தயாரிப்பதுதான் அபத்தம்.

அப்பாச்சியின் இடத்தில், அதே வேலையைச் செய்யும் என்ஜின்எக்ஸை முன்னால் வையுங்கள். பிஎச்பியை 'எஃப்பிஎம்' என்ற அதன் சேவை வழியாகத் தனியே ஓட விடுங்கள். அந்த 40 என்ற வரம்பு இப்போது எஃப்பிஎம்மின் 'மேக்ஸ் சில்ட்ரன்' வரிக்கு இடம் மாறும். பிறகு என்ஜின்எக்ஸில், தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் ஃபாஸ்ட்சிஜிஐ கேச்சை இயக்கி ஆயுளைப் பத்தே நொடி என்று வையுங்கள். செய்தி பத்து நொடி பழையதாக இருப்பதை எந்த வாசகரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ஆனால் ஒரு பக்கம் பத்து நொடிக்கு ஒருமுறைதான் தயாராகும், வருகிறவர் பத்துப் பேரானாலும் பத்தாயிரம் பேரானாலும். கூடவே, ஒரு பக்கத்தை ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கைக்கு மட்டும் தயாரிக்க விடும் 'கேச் லாக்'கையும் இயக்குங்கள். இல்லையேல் முதன்முதலில் கேச் காலியாக இருக்கும் நொடியில் நூறு கோரிக்கைகள் ஒன்றாக பிஎச்பியின் மேல் பாயும். ஆயுள் முடிந்த பக்கம் புதுப்பிக்கப்படும்வரை பழையதையே கொடு என்று சொல்லும் 'யூஸ் ஸ்டேல்' வரியும் அவசியம். லாகின் செய்தவர்களின் குக்கீயை (உலாவியில் தளம் வைக்கும் அடையாளக் குறிப்பு) பார்த்து அவர்களை மட்டும் கேச்சுக்கு வெளியே விட மறக்காதீர்கள்.

எல்லாம் செய்தும் கேச் வேலை செய்யவில்லை என்றால், ஏதோ ஒரு பிளகின் ஒவ்வொரு பக்கத்திலும் குக்கீ வைத்துக்கொண்டிருக்கும். குக்கீ வைக்கும் பதிலை என்ஜின்எக்ஸ் சேமிக்காது, அதை வாய் திறந்து சொல்லவும் சொல்லாது. நான் பார்த்த தளங்களில் பெரும்பாலும் வாக்கெடுப்புப் பெட்டியோ வருகையாளர் எண்ணிக்கை காட்டும் பெட்டியோதான் குற்றவாளி. பிடுங்கி எறியுங்கள்.

கே: அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா? எது சிறந்தது? (ஈரோடு வாசகர்)

ப: இந்தச் சண்டைக்கு வயது இருபதுக்கு மேல். ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்ற கேள்வியை 1999இல் நிரலாளர் டான் கெகல் எழுப்பினார். நிரலாளர் இகோர் சிசோயெவ் 2002இல் எழுதத் தொடங்கி 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் அதற்கு ஒரு விடை: ஒரு சில பிராசஸ்கள், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கவனிக்கும். ஆனால் அப்பாச்சியும் அன்றைய இடத்திலேயே நின்றுவிடவில்லை. 'ஈவண்ட்' முறையில் ஓடும் அப்பாச்சி 2.4, சும்மா திறந்து கிடக்கும் இணைப்புக்காக ஓர் ஆளை நிறுத்தி வைப்பதில்லை. பழைய அமைப்பு கையோடு பழகிவிட்டதென்றால் ஈவண்ட்டுக்கு மாறி, பிஎச்பியை வெளியே எடுத்தாலே பாதிப் பிணி தீரும். அடைவுக்குள் வைக்கும் எச்டிஆக்சஸ் அமைப்புக் கோப்புகளை மட்டும் மூட்டை கட்டுங்கள். அவற்றை அனுமதித்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அடைவு அடைவாக அப்பாச்சி அவற்றைத் தேடிக்கொண்டிருக்கும்.

கே: என்ஜின்எக்ஸ் பதிவேட்டில் 'கோப்புகள் அதிகமாகத் திறந்துள்ளன' என்று பிழை. இணையத்தில் சொன்னபடி லிமிட்ஸ் கோப்பில் எண்ணை உயர்த்திவிட்டேன். பலனில்லை. (திருச்சி வாசகர்)

ப: பலன் இருக்காது. அந்தக் கோப்பு லாகின் செய்து வருகிறவர்களுக்கு. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி தொடங்கும் சேவை அந்த வாசல் வழியாக வருவதே இல்லை. சேவைக் கோப்பில் 'லிமிட் நோஃபைல்' வரியையோ, என்ஜின்எக்ஸின் அமைப்பில் 'வொர்க்கர் ஆர்லிமிட் நோஃபைல்' வரியையோ உயர்த்துங்கள். லினக்ஸுக்கு ஒவ்வோர் இணைப்பும் ஒரு கோப்புதான். பின்னால் இன்னொரு சர்வருக்குக் கைமாற்றும்போது ஒரு வாசகருக்கு இரண்டு இணைப்பு. எனவே வழக்கமான 1,024 வரம்பு ஓர் ஐந்நூறு பேரோடு தீர்ந்துவிடும். 'வொர்க்கர் கனெக்‌ஷன்ஸ்' எண்ணையும் சேர்த்து உயர்த்துங்கள். ஒன்றை மட்டும் கூட்டினால் மற்றது தடுக்கும்.

கே: தளம் திறக்காதபோது வரும் 502, 504 பிழைகள் இரண்டுக்கும் என்ன வேறுபாடு? (நாகர்கோவில் வாசகி)

ப: 502 என்றால் என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் இருப்பவர் (பிஎச்பி) கதவைத் திறக்கவில்லை, அல்லது பாதியில் போய்விட்டார்: எஃப்பிஎம் ஓடுகிறதா, அதன் வரிசை நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். 504 என்றால் கதவைத் திறந்தார், ஆனால் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை. என்ஜின்எக்ஸ் வழக்கமாக 60 நொடி பொறுக்கும். பலர் அதை 300 ஆக்குகிறார்கள். வேண்டாம். மெதுவாக ஓடும் டேட்டாபேஸ் வினவலைத் தேடிப் பிடியுங்கள்.

கே: கூட்டம் வருவதற்கு முன்பே சோதித்துப் பார்க்க வழியுண்டா? (சேலம் வாசகர்)

ப: உண்டு. அப்பாச்சியோடு வரும் 'ஏபி' என்ற சோதனைக் கருவி போதும். 'டபிள்யூஆர்கே' இன்னும் நன்று. இரண்டும் இலவசம். சோதனையை வேறொரு கணினியிலிருந்து நடத்துங்கள். அதே சர்வரில் ஓட்டினால் சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் ஒரே கோருக்கு அடித்துக்கொள்வார்கள். முகப்பை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு மகிழாதீர்கள்: அது கேச்சிலிருந்து வருகிறது. தேடல் பக்கத்தையும் அடியுங்கள். அங்கேதான் ஒவ்வொருவரும் வெவ்வேறு சொல் போடுவார்கள். சராசரியைத் தள்ளிவிட்டு, நூறில் தொண்ணூற்றொன்பது பேருக்கு எத்தனை நொடிக்குள் பக்கம் வந்தது என்று பாருங்கள். அடுத்தவர் தளத்தில் இதைச் செய்தால் அதற்குப் பெயர் தாக்குதல்.

கே: எங்கள் ஜவுளிக் கடைத் தளத்துக்கு நாளொன்றுக்கு முந்நூறு பேர் வருகிறார்கள். பல சர்வர்களைச் சேர்த்து நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் போடச் சொல்கிறார் ஒருவர். (கும்பகோணம் வாசகர்)

ப: முந்நூறு பேரும் ஒரே மணி நேரத்தில் வந்தாலும் நிமிடத்துக்கு ஐந்து பேர். இப்போது இருக்கும் சர்வரே பாதி நேரம் தூங்குகிறது. சொன்னவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, டேட்டாபேஸின் காப்புநகல் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.