பழைய ரேடியோவின் மரப்பெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 1930களில் தயாரான மேசை ரேடியோவின் பெட்டி கறுத்து மங்கியிருக்கிறது. பழைய பூச்சை முழுவதும் நீக்கிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். அந்தக் கறுப்பு பெரும்பாலும் புகை, தூசி, மெழுகு ஆகியவை படிந்த அழுக்காகவே இருக்கும். சேஸிஸ் (மின்பாகங்கள் பொருத்திய உலோகத் தட்டு), ஸ்பீக்கர், முன்துணி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, மினரல் டர்பன்டைன் தோய்த்த மென்துணியால் முதலில் துடையுங்கள். பின்பு கண்ணில் படாத ஓரிடத்தில் ஸ்பிரிட்டைத் தொட்டு வைத்துப் பாருங்கள்: பூச்சு இளகினால் அது அரக்குப் பாலிஷ், ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு (லாக்கரை இளக்கும் கரைப்பான்) மட்டும் கரைந்தால் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், அதாவது விரைவில் உலரும் தெளிப்புப் பூச்சு. அக்காலத் தொழிற்சாலைப் பெட்டிகளில் பெரும்பாலும் காணப்படுவது லாக்கரே. மெல்லிய வெடிப்புகள் மட்டுமே இருந்தால், உரிய கரைப்பானால் பழைய பூச்சையே இளக்கி மீண்டும் படிய வைக்க முடியும்.

கேள்வி: பூச்சை நீக்கிய பிறகு முன்பக்கம் அழகாக இருக்கிறது, ஓரச் சட்டங்களும் அடிப்பாகமும் வெளிறிப்போய்விட்டன. நான் மரத்தைக் கெடுத்துவிட்டேனா?

பதில்: இல்லை, மரம் கெடவில்லை. கண்ணில் படும் முகப்பில் வால்நட் வெனீரை (மெல்லிய மரத்தகட்டை) ஒட்டிவிட்டு, சட்டங்களுக்கு மலிவான வெளிர்மரத்தைப் பயன்படுத்தி, சாயம் கலந்த லாக்கரை அதன் மேல் தெளித்து இருநிறமாக்குவது அன்றைய தொழிற்சாலைகளின் வழக்கம். அந்த நிறம் மரத்துக்குள் இறங்கியதன்று, பூச்சில் இருந்தது, ஆகவே பூச்சோடு போய்விட்டது. வெறும் மரத்தின் மேல் நேரடியாகச் சாயம் தேய்த்தால் சில மரங்களில் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். குறுக்கே அறுபட்ட முனைகள் கூடுதலாக உறிஞ்சிக் கறுத்துவிடும். நானும் தொடக்கத்தில் ஒரு பெட்டியை அப்படித்தான் பாழாக்கினேன், அந்த வருத்தம் இன்றும் உண்டு. முகப்பை மறைப்புநாடா ஒட்டிக் காத்து, முதலில் நிறமற்ற லாக்கர் ஒரு பூச்சும் அதன் மேல் சாய லாக்கரை மிக மெல்லிய பல பூச்சுகளாகவும் தெளியுங்கள். விரும்பிய அடர்த்திக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். சில பெட்டிகளில் மரரேகையே அச்சிடப்பட்டதாக இருக்கும். அவற்றின் பூச்சை நீக்கினால் ரேகையும் அழிந்துவிடும் என்பதால் தொடங்குமுன் பூதக்கண்ணாடியால் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: வெனீர் ஓரத்தில் எழும்பி நிற்கிறது. உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாமா?

பதில்: கூடாது. அந்த வெனீர் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனமே கொண்டது, அதனால் இயந்திரத் தேய்ப்பானையும் தொடவே வேண்டாம். பழைய பசை விலங்குத்தோல் பசையாக இருந்தால் சூட்டிலும் ஈரத்திலும் மீண்டும் இளகும். ஓரத்தை மெதுவாகச் சூடாக்கி, தேவைப்பட்டால் அதே வகைப் பசையைச் செலுத்தி, மெழுகுத்தாள் வைத்துப் பலகையோடு இறுக்கி ஒரு நாள் விட்டுவிடுங்கள்.

கேள்வி: லாக்கர் தெளித்ததும் வெண்மையாகப் பனித்துவிட்டது.

பதில்: காற்றின் ஈரம் பூச்சில் சிக்கியதே காரணம். வறண்ட நாளில், உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லத் தெளித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தீப்பற்றக்கூடிய ஆவி என்பதால் காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கு விலகியே வேலை செய்யுங்கள்.

கேள்வி: லாக்கருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்தால் நீடித்து உழைக்காதா?

பதில்: உழைக்கும், ஆயினும் பழைய ரேடியோவுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. புதிய லாக்கர் பழைய லாக்கரோடு இளகிக் கலந்து ஒன்றாகிவிடுவதால் கீறலை அந்த இடத்தில் மட்டும் சரிசெய்யலாம். பாலியூரித்தேன் அப்படி இணையாது. பின்னாளில் பழுது பார்ப்பவர் அந்தப் பக்கம் முழுவதையும் சுரண்ட நேரும்.