வித்தியாசத்துக்கு 32-ஐக் கழிக்காதீர்கள்

வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அண்ணன், "ஜனவரியில் 60 டிகிரி, வழக்கத்தைவிட 18 டிகிரி அதிகம்" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அங்கே வெப்பத்தை ஃபாரன்ஹீட் அளவில்தான் சொல்வார்கள். அந்த 18-ஐ செல்சியஸுக்கு மாற்றினால் மைனஸ் 8 வருகிறதே, வெயில் கூடியதா குறைந்ததா என்று கேட்டிருந்தீர்கள்.

கூடித்தான் இருக்கிறது. 60 என்பது வெப்பநிலை. அதற்கு 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் 15.6 செல்சியஸ். ஆனால் 18 என்பது வித்தியாசம். இரண்டு அளவுகளின் தொடக்கப்புள்ளி வேறு என்பதால்தான் 32-ஐக் கழிக்கிறோம். வித்தியாசத்தில் தொடக்கப்புள்ளிக்கு வேலையே இல்லை. 18-ஐ 5-ஆல் பெருக்கி 9-ஆல் வகுங்கள், 10 வரும். அதாவது வழக்கமாக 5.6 இருக்க வேண்டிய இடத்தில் 15.6. நானும் ரொம்ப நாள் இதில் குழம்பியிருக்கிறேன்.

பத்து டிகிரி சின்ன விஷயமில்லை. இந்தச் சூடு சில வாரம் நீடித்தால் பழமரங்கள் வசந்தம் வந்துவிட்டதென்று மொட்டு விட்டுவிடலாம். பிறகு ஒரே ஒரு இரவு கடும் உறைபனி விழுந்தாலும் பெரும்பாலானவை கருகிவிடலாம், பார்க்கவே மனசு கேட்காது. அண்ணன் வீட்டில் மரம் இருந்தால் இரவு எத்தனைக்கு இறங்குகிறது என்று கேளுங்கள். அவர் கணக்கில் 32-தான் உறைநிலை.