பாலிசி போர்ட் ஆகிப் போகிறதே, என்ன செய்வது? ஹெல்த் இன்சூரன்ஸ் ஏஜென்ட்களுக்கான கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இந்த வருஷம் மட்டும் 11 கிளையன்ட்கள் பாலிசியைப் போர்ட் செய்து, அதாவது வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ரினியூவலுக்குப் போன் செய்யும்போதுதான் விஷயமே தெரிகிறது.

பதில்: எப்போது போன் செய்கிறீர்கள் தம்பி? பத்து நாள் முன்னாலா? போர்ட் விண்ணப்பத்தை வழக்கமாக ரினியூவலுக்கு 45 நாள் முன்பே கொடுத்துவிடுவார்கள். நீங்கள் பேசும்போது அவர் முடிவெடுத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். நான் மூன்று மாதம் முன்னாலேயே நேரில் போய்விடுவேன். பணம் கேட்க இல்லை, பாலிசியைத் திறந்து வைத்து அவருக்கு இன்னும் அது பொருந்துகிறதா என்று பார்க்க.

கேள்வி: அந்தக் கம்பெனியில் 4,000 ரூபாய் குறைவு என்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

பதில்: முதலில் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதற்கு முந்தைய ரசீதில் 18% சேர்ந்திருக்கும், புது கொட்டேஷனில் இருக்காது. அதை விலைக் குறைப்பு என்று காட்டினால் யாரும் நம்பிவிடுவார்கள். உங்கள் ரினியூவல் தொகையையும் வரியில்லாமல் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

ஆனால் பிரீமியத்தால் மட்டும் ஆள் போவதில்லை. என்னிடம் 3 லட்சம் பாலிசி எடுத்திருந்த ஒரு கடைக்காரருக்கு மருத்துவமனை அறை வாடகை வரம்பு 1%, அதாவது நாளுக்கு 3,000. அவர் மனைவியை 6,000 ரூபாய் அறையில் நாலு நாள் வைத்திருந்தார்கள். வாடகை 24,000, டாக்டர், தியேட்டர், நர்சிங் சேர்த்து 1,10,000, மருந்து 40,000. அறை வாடகை வரம்பைப் போல இரண்டு மடங்கு ஆனதால் மருந்து தவிர மற்ற எல்லாவற்றிலும் பாதிதான் வந்தது. 1,74,000 பில்லில் 67,000 கைக்காசு. செட்டில்மென்ட் கடிதத்தை மேஜையில் வைத்து, "இதை ஏன் முன்னாடியே சொல்லலை சார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அடுத்த ரினியூவலில் போய்விட்டார், சரியாகத்தான் செய்தார். அதே கம்பெனியிலேயே அறை வரம்பில்லாத திட்டத்துக்கு நானே மாற்றியிருக்கலாம், மைக்ரேஷனிலும் (அதே கம்பெனிக்குள் திட்டம் மாறுவது) காத்திருந்த காலம், அதாவது ஏற்கெனவே உள்ள நோய்க்கு கிளைம் கிடைக்கக் காத்திருந்த மாதங்கள், அப்படியே வரும். அன்றிலிருந்து வரம்பு உள்ள பழைய பாலிசிகளை எல்லாம் தனியாக எடுத்து ஒவ்வொருவரிடமும் பேசுகிறேன்.

கேள்வி: சுகர் உள்ள கிளையன்ட், ரெண்டு வருஷம் முடிந்தது. போர்ட் செய்தால் காத்திருப்பு மறுபடி முதலில் இருந்தா?

பதில்: இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 2024 ஏப்ரலில் இருந்து அதிகபட்சம் 36 மாதம். அவர் இருந்த ரெண்டு வருஷம் கணக்கில் வரும். ஆனால் பழைய காப்பீட்டுத் தொகை வரைக்கும்தான். 5 லட்சத்தைப் 10 லட்சமாக்கினால் கூடுதல் 5 லட்சத்துக்குப் புதிதாகக் காத்திருக்க வேண்டும், இதைப் பல பேர் சொல்வதே இல்லை. அப்புறம், புது கம்பெனி மறுக்கவும் செய்யலாம். ஒப்புதல் கைக்கு வரும் வரை பழையதை விட்டுவிடாதீர்கள் என்று அழுத்திச் சொல்லுங்கள். சுகரை மறைக்கச் சொல்கிற ஏஜென்ட் பேச்சை மட்டும் அவர் கேட்கவே கூடாது.

கேள்வி: 70 வயதுக்கு மேல் அரசே சிகிச்சைக்கு 5 லட்சம் வரை காப்பீடு தருகிறது, பாலிசி வேண்டாம் என்கிறார் ஒரு ஐயா.

பதில்: அது நல்ல திட்டம், குறை சொல்லாதீர்கள். அவர் வழக்கமாகப் போகும் மருத்துவமனை அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் சேர்ந்து பாருங்கள். பாலிசியை விட்டால் அந்த வயதில் மறுபடி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் சொல்லிவிட்டு, முடிவை அவரிடம் விடுங்கள்.

கேள்வி: போகிறேன் என்பவரின் பேப்பரைத் தாமதப்படுத்தினால் தங்கிவிடுவாரா?

பதில்: வேண்டவே வேண்டாம். பழைய கம்பெனி 72 மணி நேரத்தில் விவரம் தர வேண்டும், புது கம்பெனி 5 நாளில் முடிவு சொல்ல வேண்டும், எல்லாம் ஆன்லைன் போர்ட்டல் வழியாக நடக்கிறது. உங்களால் தடுக்க முடியாது, பெயர்தான் கெடும். பழைய பாலிசி நகல்கள், கிளைம் பேப்பர், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் எடுத்துக் கொடுங்கள். அடுத்த வருஷமும் ஒரு போன் செய்து, அங்கே எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.