பீரோவுக்குப் பின்னால் ரவுட்டர்: வீட்டு நெட் கேள்வி பதில்

தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் நெட் லைன் இழுத்து ரவுட்டர் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. நெட் சம்பந்தமாக என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். கம்பெனிக்காரர்களைத் திட்டியிருந்த வரிகளை மட்டும் வெட்டிவிட்டேன். கோளாறு அவர்கள் லைனிலா, நம் பெட்டியிலா, நடுவில் நிற்கும் சுவரிலா என்று பார்த்துவிட்டு அப்புறம் திட்டலாம்.

ராயபுரம், இல்லத்தரசி: தம்பி, கம்பெனி ஆள் வந்து ஒரு பெட்டி மாட்டிட்டுப் போனாரு. வீட்டுக்காரர் அதை மோடம்ங்கறாரு, பையன் ரவுட்டர்ங்கறான், கஸ்டமர் கேர்ல ஓஎன்டின்னு சொல்றாங்க. எதுதான் சரி?

பதில்: மூன்று பேரும் அந்த ஒரே பெட்டியைத்தான் சொல்கிறார்கள், அக்கா. உள்ளே மூன்று வேலை நடக்கிறது. தெருக் கம்பத்திலிருந்து வரும் ஃபைபரில் ஓடுவது ஒளி. அதை மின் சிக்னலாக மாற்றுவது ஓஎன்டி வேலை. ஓஎன்யு என்றும் சொல்வார்கள். அப்படி வந்த ஒரு இணைப்பை உங்கள் போன், டிவி, பையனின் லேப்டாப் எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர் வேலை. எந்தத் தகவல் யாருக்கு என்று கணக்கு வைத்திருப்பதும் அதுதான். அதைக் காற்றில் ரேடியோ அலையாக விடுவது வைஃபை. அந்த வேலையை மட்டும் செய்யும் தனிப் பெட்டிக்கு ஆக்சஸ் பாயின்ட் என்று பெயர். மோடம் டெலிபோன் லைனில் நெட் வந்த காலத்துச் சாமான். பெயர் மட்டும் வாயில் தங்கிவிட்டது.

சில வீடுகளில் ஓஎன்டி ஒரு பெட்டி, ரவுட்டர் ஒரு பெட்டி என்று இரண்டு இருக்கும். அங்கே ஆஃப் செய்து போடும்போது முதலில் ஓஎன்டியைப் போடுங்கள். அதில் விளக்கு நிலையாக நின்ற பிறகு ரவுட்டரைப் போடுங்கள்.

திருவொற்றியூர், ஆட்டோ ஓட்டுநர்: பெட்டியில சிவப்பு லைட் மின்னுது. பின்னால இருந்த சின்ன ஓட்டையில ஊசி விட்டு அமுக்கினேன். இப்போ சிவப்பும் போகல, வைஃபை பெயரும் மாறிப்போச்சு.

பதில்: அண்ணே, அந்த ஊசி ஓட்டை ரீசெட். ஆஃப் செய்து ஆன் செய்வது ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட் எத்தனை தடவை செய்தாலும் நஷ்டமில்லை. ரீசெட் செய்தால் கம்பெனி ஆள் உள்ளே போட்டு வைத்த யூசர் ஐடி, பாஸ்வேர்டு, உங்கள் வைஃபை பெயர் எல்லாம் துடைத்துப் போய்விடும். இனி லைன் சரியானாலும் அவர்கள் வந்து திரும்பப் போட வேண்டியிருக்கலாம்.

சிவப்பாக மின்னுவது எல்ஓஎஸ் விளக்கு. ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். உங்கள் வைஃபைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெட்டியில் செருகியிருக்கும் மெல்லிய கேபிளைப் பாருங்கள், நுனி பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். ஜன்னல் கதவில் நசுங்கியிருக்கிறதா, கூர்மையாக மடங்கியிருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா? அடுத்தது பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஒரு ஃபைபரை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். அவர்களுக்கும் போயிருந்தால் தெருவில்தான் கோளாறு. கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டில் தாழத் தொங்கும் கேபிள் அறுபடுவது நமக்குப் புதுசா என்ன? புகார் கொடுக்கும்போது "எல்ஓஎஸ் சிவப்பு, பக்கத்து வீட்டிலும் இல்லை" என்று சொன்னால் ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்ற பாட்டைப் பாடாமல் ஆள் அனுப்புவார்கள்.

ஒன்று மட்டும் முக்கியம். அந்த நுனியைக் கழற்றி, வெளிச்சம் வருகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர்.

பெரம்பூர், கல்லூரி மாணவர்: அண்ணா, 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கோம். டவுன்லோட் பண்ணா 11 எம்பிதான் காட்டுது. பத்துல ஒரு பங்குதான் தர்றாங்களா?

பதில்: இல்லை தம்பி, முழுசாகத்தான் வருகிறது. கம்பெனி விற்பது மெகாபிட் கணக்கில், டவுன்லோட் காட்டுவது மெகாபைட் கணக்கில். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் 12.5. அதில் கொஞ்சம் முகவரி, சரிபார்ப்பு என்று வழியிலேயே செலவாகும். மீதி 11 என்றால் நல்ல லைன்.

ஆனால் உன் கேள்வியைப் பார்த்ததும் வேறொன்று ஞாபகம் வந்தது. 200, 300 பிளான் போட்டும் ஸ்பீட் டெஸ்டில் 94க்கு மேல் ஏறவே ஏறாது என்று பலர் புலம்புவார்கள். காலை, ராத்திரி எப்போது பார்த்தாலும் அதே 94 என்றால் லைனைச் சந்தேகப்படாதே. ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவிலோ, ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவிலோ ஓடும் லேன் கேபிளைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார். நுனியில் எட்டு உலோகப் பல் இருக்கும், உள்ளே நான்கு ஜோடிக் கம்பி. 100க்கு இரண்டு ஜோடி போதும். ஆயிரத்துக்கு, அதாவது கிகாபிட்டுக்கு, நான்கு ஜோடியும் வேண்டும். கூடுதலாக வேண்டிய அந்த இரண்டு ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இரண்டு பக்கத்துப் பெட்டியும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நம் பக்கம் உப்புக் காற்று வேறு. கடலோரத் தெருக்களில் அந்தப் பல்லில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பதைப் பார்க்கலாம். நுனியை வெட்டிவிட்டுப் புது நுனியை இடுக்கியால் அழுத்திப் பொருத்தினால், அதாவது கிரிம்ப் செய்தால் போதும். கேபிள் தோலில் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சடித்திருக்க வேண்டும். பெட்டியில் கேபிள் செருகும் துளையே, அதாவது போர்ட்டே, 100 தான் என்றால் மட்டும் பெட்டியை மாற்று.

கொருக்குப்பேட்டை, தையல் கடைக்காரர்: எங்க வீடு ரயில் பெட்டி மாதிரி நீட்டு. முன் ரூம்ல ரவுட்டர். கடைசியா இருக்குற சமையக்கட்டுல ஒரு கோடு கூட வரல. 5ஜின்னு இன்னொரு பெயர் காட்டுது, அதுல போட்டா இன்னும் மோசம். 5ஜி போன் வாங்கணுமா?

பதில்: போன் வாங்க வேண்டாம் சார். ரவுட்டரில் காட்டும் 5ஜி என்பது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. சிம் கார்டு 5ஜி என்பது ஐந்தாம் தலைமுறை செல்போன் சேவை. இரண்டுக்கும் உறவு கிடையாது.

ரவுட்டர் இரண்டு அலைவரிசையில் பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் போகும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவர் வந்தால் சீக்கிரம் களைத்துவிடும். உங்கள் சமையலறைக்கு 2.4, முன் அறை டிவிக்கு 5 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறதோ அங்கே ரவுட்டர். அந்தப் பிளக் பாயின்ட் பெரும்பாலும் பீரோவுக்குப் பின்னால். இரும்பு பீரோ ரேடியோ அலையை அப்படியே திருப்பி அனுப்பிவிடும், கதவில் பதித்த கண்ணாடியும் அதற்குத் துணை. தண்ணீர் அலையைக் குடித்துவிடும். மெட்ரோ தண்ணீர் பிடித்து வைத்த டிரம் வரிசையாக நிற்கும் நடையில் சிக்னல் தடுமாறுவது அதனால்தான். மாடியில் தகர ஷீட் போட்ட ரூம் இருந்தால் அதை மறந்துவிடுங்கள், தனியாக லைன் இழுக்காமல் நடக்காது.

போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டில் நடந்து பாருங்கள். சிக்னலை டிபிஎம் கணக்கில் மைனஸ் எண்ணாகக் காட்டும். பூஜ்யத்துக்குக் கிட்டே இருந்தால் பலம். மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரை வீடியோ கால் தாங்கும், மைனஸ் 80 தாண்டினால் பெயர் மட்டும் தெரியும், வேலை நடக்காது. பீரோவுக்கு இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண் பார்த்தாலே உங்களுக்குப் புரிந்துவிடும். முதல் வைத்தியம் காசில்லாதது: பெட்டியை எடுத்து, நடு அறையில் நிலைப்படிக்கு மேலே ஆணியடித்து மாட்டுங்கள். ஃபைபர் எட்டவில்லை என்றால் நீளமான பேட்ச் கார்டு (இரண்டு பக்கமும் நுனி பொருத்தியே வரும் ஃபைபர் கேபிள்) போதும்.

அதிலும் சரியாகவில்லையென்றால் பலரும் ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. வாங்கிய அலையையே திரும்பச் சொல்லும் சாதனம் அது. ஒரே அலைவரிசையில் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகிவிடும். அதையும் சமையலறையிலேயே, சிக்னல் செத்த இடத்தில் செருகிவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். மெஷ் என்று விற்பது இதைவிட நல்லது; ஒரே பெயரில் இரண்டு மூன்று பெட்டி, நீங்கள் நடக்க நடக்கப் போன் கிட்டே இருக்கும் பெட்டிக்கு மாறிக்கொள்ளும். விலைதான் கடிக்கும். என் யோசனை, சுவரோரமாக ஒரு கேட் 6 கேபிள் இழுத்து, பின்கட்டில் ஒரு சாதாரண ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில் வையுங்கள். பழைய ரவுட்டர் பரணில் இருந்தால் அதுவே போதும்.

இன்னொன்று, உங்கள் தெருவில் சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். 2.4 இல் ஒன்றோடொன்று முட்டாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். எல்லார் ரவுட்டரும் ஒரே சேனலில் கத்தினால் ஃபுல் சிக்னல் இருந்தும் நெட் சுற்றும். ஆப்பில் எது காலியோ அதற்கு மாற்றிவிடுங்கள்.

வியாசர்பாடி, பள்ளி ஆசிரியை: வைஃபை ஃபுல்லாக் காட்டுகிறது. கீழே "இன்டர்நெட் இல்லை" என்று வருகிறது. எப்படி?

பதில்: டீச்சர், வைஃபை என்பது உங்கள் போனிலிருந்து ரவுட்டர் வரை மட்டும். அதற்கப்புறம் வெளியே போகும் லைன் வேறு. பிரௌசரில் 192.168.1.1 அல்லது பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை அடித்துப் பாருங்கள். அது ரவுட்டரின் ஐபி முகவரி, வீட்டுக்குள் மட்டும் செல்லும். அந்தப் பக்கம் திறந்தால் வைஃபை நன்றாக இருக்கிறது, வெளி லைனில்தான் கோளாறு. உங்கள் போனுக்கும் அதே மாதிரி ஒரு எண்ணை ரவுட்டரே கொடுக்கும், அந்த ஏற்பாட்டுக்கு டிஹெச்சிபி என்று பெயர்.

வாட்ஸ்அப் போகிறது, ஆனால் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் மீது சந்தேகப்படலாம். வெப்சைட் பெயரை ஐபி எண்ணாக மாற்றிக் கொடுப்பது அதுதான். செட்டிங்கில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள்.

காசிமேடு, மீன் வியாபாரி: பக்கத்து வீட்டுப் பசங்க நம்ம நெட்டை உறிஞ்சறானுங்க. வைஃபை பெயரை மறைச்சிட்டா போதும்னு மச்சான் சொல்றான்.

பதில்: போதாது அண்ணே. மறைத்த பெயரைக் காட்டும் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது. மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்ணை, வைத்துத் தடுப்பதும் பழைய முறை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் நிஜ முகவரியைக் காட்டாமல் வேறொன்றைக் காட்டுகின்றன. பாஸ்வேர்டை மாற்றுங்கள். உங்கள் செல் நம்பரை வைக்காதீர்கள், தெருவில் எல்லாரும் முதலில் அடித்துப் பார்ப்பது அதைத்தான். ரவுட்டர் செட்டிங்கில் செக்யூரிட்டி என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற பூட்டு முறை இருக்க வேண்டும், பாஸ்வேர்டு அடிக்காமலே சேரவிடும் டபிள்யூபிஎஸ்ஸை ஆஃப் செய்துவிடுங்கள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் என்று தனிப் பெயர் திறந்து கொடுக்கலாம். பாஸ்வேர்டு மச்சானுக்கும் தெரிய வேண்டியதில்லை.

எண்ணூர், மளிகைக் கடைக்காரர்: கடையில சிசிடிவி. வீட்டிலிருந்து போன்ல பாக்க போர்ட் ஃபார்வர்டிங் பண்ணச் சொன்னாங்க, பண்ணியும் வரல.

பதில்: போர்ட் ஃபார்வர்டிங் என்பது வெளியிலிருந்து வருபவரை ரவுட்டர் உள்ளே இருக்கும் கேமரா பெட்டிக்கு அனுப்பும் ஏற்பாடு. டீச்சருக்குச் சொன்ன மாதிரி பிரௌசரில் ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து டபிள்யூஏஎன் ஐபி, அதாவது வெளி லைன் பக்கத்து முகவரி, என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் கம்பெனி பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே வெளி முகவரியைப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. சிஜிநேட் என்பார்கள். வெளியிலிருந்து வருபவருக்கு உங்கள் கடை எது என்றே தெரியாது. நீங்கள் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. மாதம் கொஞ்சம் பணம் கட்டி ஸ்டேடிக் ஐபி, அதாவது உங்களுக்கு மட்டுமான மாறாத வெளி முகவரி, கேட்கலாம். அதைவிட, டிவிஆர் (கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) கம்பெனியின் சொந்த ஆப்பில் க்யூஆர் ஸ்கேன் செய்து சேர்ப்பது சுலபம். எதைச் செய்தாலும் டிவிஆரோடு வந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

மாதவரம், தகப்பனார்: பையன் கேம் ஆடும்போது "பிங் ஏறுது"ன்னு கத்துறான். 300 பிளானுக்கு மாத்தவா?

பதில்: வேண்டாம். பிங் என்பது தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், மில்லி செகண்டில். பிளான் ஏற்றினால் அது குறைந்துவிடாது. வைஃபையில் தடுமாறாமல் இருக்க கம்ப்யூட்டருக்கு லேன் கேபிள் போட்டுக் கொடுங்கள்.

கொடுங்கையூர், வீட்டிலிருந்து வேலை செய்பவர்: கரண்ட் போனா நெட்டும் போயிடுது. என்ன யுபிஎஸ் வாங்கலாம்?

பதில்: ரவுட்டருக்கென்றே வரும் மினி யுபிஎஸ் போதும். உங்கள் அடாப்டரில் அவுட்புட் என்ற வரியைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர் இருக்கும். வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். ஓஎன்டி தனியாக இருந்தால் அதற்கும் ஒன்று வேண்டும், அல்லது இரண்டு அவுட்புட் உள்ளதாக வாங்குங்கள். அப்படியும் கரண்ட் போகும்போது நெட் நின்றால் தெருவில் கம்பெனி வைத்திருக்கும் பெட்டிக்கு பேக்கப் இல்லை என்று பொருள். அதற்கு நீங்கள் ஒன்றும் வாங்க முடியாது, புகார்தான் கொடுக்க வேண்டும்.